கை தட்டினால் கம்பு நிற்க வேண்டும்

உங்களில் சிலர் போன கிழமை என்னைப் பார்க்க வந்திருந்தபோது, ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும் குறை ஒன்றாகத்தான் இருந்தது. சிலம்படி பழக உங்களிடம் வருகிறவர்களுக்குத் தினசரிப் பயிற்சி பிடிக்கவில்லை. வந்த அன்றே கம்பைத் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும் என்கிறார்கள். காலடி வைக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அடுத்த கிழமை ஆளைக் காணோம். "மாஸ்ரர், உங்கடை காலத்திலை சனம் எப்பிடி நிண்டு பழகினது?" என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

எங்கள் காலத்திலும் சனம் நிற்கவில்லை. ஓடத்தான் செய்தது. மழை என்று ஓடினார்கள், தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு என்று ஓடினார்கள், கலியாணம் முடித்த கையோடு ஓடினார்கள். நான் பிடித்து வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரிலும் மிக நன்றாக விளையாடிய ஒருவர் என்னோடு கோபித்துக்கொண்டு போனார். அவருடைய கதையைச் சொன்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில் அதிலேயே கிடைக்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய கதை அல்ல என்பதால் எழுதித் தருகிறேன்.

முதலில், அவரைக் கோபப்படுத்திய பயிற்சி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும்.

ஆசிரிய வேலை கிடைத்த புதிதில் என்னை வடகரையில் ஒரு மீன்பிடி ஊருக்கு அனுப்பினார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியன். பின்னேரங்களில் கடற்கரை மணலில் சிலம்படி பழக்குவேன். பழக வந்தவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய தோளையும் கையையும் பார்த்தால், நானா இவர்களுக்குப் பழக்குவது என்று கூச்சமாக இருக்கும். வரிசையில் நிறுத்திக் கம்பைச் சுழற்றச் சொன்னால் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். பிறகு யாராவது ஒருவர், "மீன் பாயுது" என்பார். அவ்வளவுதான். கம்புகள் மணலில் கிடக்கும், ஆட்கள் தண்ணீருக்குள் நிற்பார்கள், நான் தனியே கரையில் நிற்பேன்.

அங்கே ஒரு சம்மாட்டியார் இருந்தார். கரைவலைக்குச் சொந்தக்காரர். குள்ளமான மனிதர், அதிகம் கதைக்க மாட்டார். ஒரு நாள் காலை அவருடைய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பிடித்து அரைவாசி ஊர் இழுத்தது. காற்றுப் பலம். பக்கத்தில் நின்றவர் சொன்னதே என் காதில் விழவில்லை. திடீரென்று சம்மாட்டியார் உள்ளங்கை இரண்டையும் சேர்த்துப் படாரென்று ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை பேரும் இருந்தபடியே நின்றார்கள். காலைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். வலை கடலடியில் கல்லொன்றில் கொழுவியிருந்தது. இன்னொரு இழுவை இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். ஒருவர் சுழியோடிப்போய் அதை விடுவித்த பிறகு மறுபடி இழுத்தார்கள்.

பிறகு நான் அவரிடம் கேட்டேன்.

"ஒரு தட்டோடை இவ்வளவு சனமும் எப்பிடி ஐயா நிக்குது?"

"வலை ஒண்டிலையும் கொழுவாத நாளிலையும் நான் தட்டுறனான், தம்பி," என்றார். "கொழுவின அண்டைக்கு மட்டும் தட்டினால் ஒருத்தரும் நிக்க மாட்டினம்."

அன்று பின்னேரமே என்னுடைய வகுப்பில் நானும் தட்டத் தொடங்கினேன். அந்தக் கடற்கரைக்காரருக்கு இது புதிதில்லை; உடனே பிடித்துக்கொண்டார்கள். சில வருடங்கள் கழித்து உரும்பிராய்ப் பக்கம் மாற்றம் கிடைத்து வந்தபோது, தட்டையும் கூடவே கொண்டுவந்தேன். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

உரும்பிராயில் வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி இருந்தது. வாசிகசாலைக்காரர் அதைச் சிலம்படிக்குத் தந்திருந்தார்கள். பழக வந்தவர்கள் தோட்டக்காரர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்த எழுபதுகளின் தொடக்கம் அது. காலையெல்லாம் தோட்டத்தில் நின்றுவிட்டு, முகம் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாக வருவார்கள். வந்ததும் நான் அவர்களை வரிசையாக நிறுத்தி வீச்சுப் போடச் சொல்லிவிட்டுப் பின்னால் நடப்பேன். எப்போது தட்டுவேன் என்று யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டதும் கம்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கவேண்டும். முழங்காலடியில் இருந்தால் முழங்காலடியில், பக்கத்து ஆளின் காதடியில் இருந்தால் காதடியில். கம்பு ஒரு சாண் தள்ளிப் போனாலும் அந்த ஆள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அடியும் தடுப்பும் விளையாட்டும் இதற்குப் பிறகுதான்.

இதை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர் தருமலிங்கம். முப்பது வயதிருக்கும். நெடிய மனிதர். அவர் கம்பைச் சுழற்றினால் கம்பு தெரியாது, காற்றுத்தான் தெரியும். கோபமும் அப்படியே, கோபம் முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். கடையில் மிச்சக் காசு தரச் சுணங்கினாலே கதவடியில் நின்று கத்துவார், பிறகு வீட்டுக்குப் போய் வருத்தப்படுவார்.

"மாஸ்ரர், நாங்கள் அடிக்கப் பழக வந்தால் நீங்கள் நிக்கப் பழக்கிறியள்," என்றார் ஒரு நாள். "நிக்கிறதுக்கு எனக்குப் பழக்கம் வேண்டாம். பஸ்ஸுக்கு நிண்டு நல்லாப் பழகியிருக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் தட்டினேன்.

அந்த வருடம் கொடிகாமத்துப் பக்கக் கோயிலொன்றில் திருவிழாவுக்குச் சிலம்படிப் போட்டி வைப்பதாக அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் தருமலிங்கம்தான் போவதென்று முடிவாயிற்று. வெல்லக்கூடிய ஆள். ஆனால் நிறுத்துவதில் மட்டும் கை கொஞ்சம் பிந்தியது. "வீட்டிலையும் ஆரையேன் தட்டச் சொல்லிப் பழகும்," என்று நான் சொல்லிவிட்டேன்.

அவருடைய மனைவி இராசமணியை உங்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டும். மெல்லிய குரல். ஆனால் கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். கணவர் தட்டச் சொன்னதும் அதை இராசமணி முழுமனதோடு செய்தார். வீட்டு வளவில் கம்பு சுழற்றும்போது மட்டும் தட்டினால் போதும் என்று யாரும் சொல்லவில்லையே. அடுத்த கிழமை தருமலிங்கம் முறைப்பாட்டோடு வந்தார்.

"மாஸ்ரர், இவ சோத்தை வாயிலை வைக்கேக்கையும் தட்டுறா."

"நீர் என்ன செய்தனீர்?"

"நிண்டனான். வாய்க்குக் கிட்ட கையோடை நிண்டனான். பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்குதுகள்."

அதற்குப் பிறகு அவருடைய கம்பு நிற்கத் தொடங்கியது. யோசிக்காமலே நின்றது. நான் தட்டி முடிப்பதற்குள் நின்றது. எனக்குச் சந்தோசம்.

போட்டியன்று வெங்காய லொறி ஒன்றில் எல்லோருமாகக் கொடிகாமத்துக்குப் போனோம். கோயில் வீதியில் மணல் பரவி, கயிறு கட்டி, முன்வரிசையில் பெரிய மனிதருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். கம்பு நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்திருக்கும். எதிராளியின் உடம்பில் முதலில் வெள்ளை அடையாளம் வைப்பவர்தான் வென்றவர். தருமலிங்கம் தொடக்கத்தில் வந்தவர்களை எல்லாம் கெதியாகவே முடித்தார். கடைசியில் கொடிகாமத்து ஆள் ஒருவர் மிஞ்சினார். கெட்டிக்காரர்தான். ஆனாலும் தருமலிங்கம் அவரைப் பின்னால் பின்னால் தள்ளிக் கயிற்றடிக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த மனிதரின் கம்பு தாழ்ந்துவிட்டது, தோள் திறந்துவிட்டது. தருமலிங்கத்தின் கம்பு மேலிருந்து இறங்குகிறது.

அந்த நேரத்தில், முன்வரிசைக் கதிரையில் இருந்த, வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஒருவர், அந்தப் பக்கத்தால் போன கடலைக்காரரைக் கூப்பிடக் கை தட்டினார்.

தருமலிங்கத்தின் கம்பு நின்றது. கொடிகாமத்தாரின் தோளுக்குக் கொஞ்சம் மேலே, ஆணியடித்தது போல நின்றது. எதிரே நின்றவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் பார்த்தார். பிறகு தன்னுடைய கம்பை மெதுவாக உயர்த்தித் தருமலிங்கத்தின் வயிற்றில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டு, "ஏன் அண்ணை நிண்டனீங்கள்? கால் ஏதும் பிரண்டதோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

ஓவசியர் கடலை வாங்கிக்கொண்டிருந்தார். கடைசிவரை அவருக்கு எதுவும் தெரியாது.

திரும்பி வந்து உரும்பிராய்ச் சந்தியில் இறங்கும்போது தருமலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"என்னைத் தோக்கடிச்சது கொடிகாமத்தான் இல்லை, மாஸ்ரர். கடலைக்குத் தட்டினவரும் இல்லை. நீங்கள்தான். இனி நான் வரமாட்டன்."

அவர் சொன்னதைச் செய்தார். அவரோடு இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். வாசிகசாலைக் காரியதரிசி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"சனம் சிரிக்குது, மாஸ்ரர். உந்தத் தட்டுற பயிற்சியை விட்டிட்டு வெல்லுற வழியைப் பாருங்கோ. இல்லையெண்டால் காணியைக் கரப்பந்து விளையாட்டுக்குக் குடுப்பம் எண்டு கதைக்கினம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், ஆகவே நான் எப்படி யோசித்தேன் என்று சொல்கிறேன். காரியதரிசி தோல்வியைப் பார்த்தார். நான் கம்பைப் பார்த்தேன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இரத்தம் சூடேறியிருக்கிறது, ஊர் முழுக்கக் கூச்சல் போடுகிறது. அந்த நிலையில் ஒரு மனிதரின் கம்பு நின்றது. ஓங்குவதற்கு யாருக்கும் ஆசான் வேண்டாம். ஓங்கியதை நிறுத்துவதற்குத்தான் என்னைப்போல ஒருவன் வேண்டும். அதையும் விட்டுவிட்டால் நான் எதற்கு?

"காணியைக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ," என்று காரியதரிசியிடம் சொன்னேன். "தட்டை விடமாட்டன்."

காணியில் பாதியைக் கரப்பந்துக்குக் கொடுத்தார்கள். மிச்சப் பாதியில் மிஞ்சியவர்களோடு நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரேயொரு மாற்றம் மட்டும் செய்தேன். அடுத்த போட்டிகளுக்குப் போகும்போது முன்வரிசைப் பெரியவர்களுக்கு முதலே கடலை வாங்கிக் கொடுத்துவிடுவோம்.

தருமலிங்கத்தின் பாடுதான் கஷ்டமாகப் போயிற்று. அவர் சைக்கிளில் போனால் ஒழுங்கை மூலையிலிருந்து யாராவது தட்டுவார்கள். சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தட்டுவார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போவார். இராசமணி வீட்டில் தட்டுவதை அடியோடு விட்டுவிட்டார். காகம் கலைப்பதற்குக் கூடத் தட்டுவதில்லை, தடி எடுத்துக்கொண்டு போவாராம். சாமி கும்பிடும்போது கையைச் சத்தமில்லாமல் சேர்ப்பாராம். இதையெல்லாம் பின்னொரு நாளில் அவரே எனக்குச் சொன்னார்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வழி தருமலிங்கத்தின் தோட்டத்து ஒழுங்கையால்தான் போகும். அங்கே ஒரு பங்குக் கிணறு உண்டு. இராசமணியின் தகப்பன் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை மகளுக்குச் சீதனமாகவும் பாதியை மகனுக்கும் எழுதியபோது கிணற்றையும் இருவருக்கும் பொதுவாக விட்டார். ஒரு நாள் இவர்கள் இறைப்பு, மறுநாள் தம்பி கனகரத்தினத்தின் இறைப்பு. கனகு என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். அக்காவைப்போல அவனும் பகிடிக்காரன். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது.

முதல்நாள், தன் முறையில், கனகுவின் தண்ணீர் இறைக்கும் மிசின் பழுதாகி, இரவுதான் திருத்த முடிந்தது. அதனால் தருமலிங்கத்தின் முறை நாளில் அவன் விடியவே வந்து தன் பாத்திகளுக்கு இறைக்கத் தொடங்கிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தருமலிங்கம் மண்வெட்டியோடு வந்து பார்க்கிறார். அவருடைய வெங்காயம் திரளுகிற பருவம். ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் விளைச்சல் குறையும். அவர் முதலில் போய் மிசினை நிறுத்தினார். நான் ஒழுங்கையால் வரும்போது இருவரும் வாய்க்கால் ஓரத்தில் எதிரெதிரே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதை என்று சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் சைக்கிளை நிறுத்தினேன்.

"ஒரு நாள் தானே அத்தான், உங்கடை வெங்காயம் செத்துப் போயிடுமோ?" என்றான் கனகு.

"கேட்டனியோ? என்னட்டைக் கேட்டனியோ?"

"கேட்டால் தருவியளோ? கொடிகாமத்தானுக்கெண்டால் கேக்காமலே விட்டுக்குடுப்பியள்."

அவ்வளவுதான். மண்வெட்டி மேலே போனது. கனகு பின்வாங்கினான். வாய்க்காலில் கால் வழுக்கிப் பாத்திக்குள் மல்லாந்து விழுந்தான். தருமலிங்கத்தின் முகத்தை நான் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகமாக இருக்கவில்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு, "தருமலிங்கம்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். களை பிடுங்கிய பெண்களும் கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. கத்தினால் நிற்பதற்கு நான் யாரையும் பழக்கியதில்லை. மண்வெட்டி இறங்கத் தொடங்கியது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இராசமணி தேத்தண்ணிச் செம்போடு வந்துகொண்டிருந்தார். செம்பு கீழே விழுந்தது. கை தட்டிய சத்தம் கேட்டது.

மண்வெட்டி நின்றது.

கனகுவின் நெற்றிக்கு மேலே நின்றது. அதன் அலகில் ஒட்டியிருந்த செம்மண் கட்டி ஒன்று மட்டும் நிற்காமல் கழன்று அவன் மூக்கின் மேல் விழுந்து உடைந்தது. அவன் கண்ணை மூடவில்லை. மூச்சும் விடவில்லை என்று நினைக்கிறேன். தருமலிங்கம் கையை உயர்த்தியபடியே, தன் கையையே யாரோ வேறொருவரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இராசமணி வாய்க்காலுக்குள் இறங்கி வந்தார். மண்வெட்டிப் பிடியைப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ."

விரல்கள் உடனே விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. மண்வெட்டியை வாங்கித் தூரப் போட்ட பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"எழும்படா. எழும்பி வாய்க்காலைத் திருப்பு. இண்டைக்கு எங்கடை முறை."

கனகு எழும்பி, மூக்கில் மண்ணோடு வாய்க்காலைத் திருப்பினான். இராசமணி கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக் கட்டின்மேல் இருந்தார். தம்பியின் தலை அது. அதன்மேல் ஓங்கியது கணவனின் கை. அது இறங்கியிருந்தால் இருவருமே அவருக்கு இல்லாமல் போயிருப்பார்கள். கொஞ்சம் பொறுத்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தேத்தண்ணியும் போச்சு," என்றார். களை பிடுங்க வந்திருந்த பெண் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோருமே சிரித்தோம், தருமலிங்கத்தைத் தவிர.

அவர் வரம்பில் குந்தியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூட மணி தூரத்தில் அடித்தது. அன்று நான் பிந்தித்தான் போனேன்.

"மாஸ்ரர், நான் நிப்பாட்டினன் எண்டு சனம் சொல்லும்," என்றார் அவர், என்னைப் பாராமல். "நான் நிப்பாட்டேல்லை. எனக்கு அடிக்கத்தான் மனம் இருந்தது. கை நிண்டிட்டுது."

"கை நிண்ட பிறகு மனம் என்ன சொன்னது?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"கனகு எண்டு சொன்னது," என்றார். "அதுவரைக்கும் அங்கை கிடக்கிறது கனகு எண்டு எனக்குத் தெரியேல்லை."

தம்பிமாரே, பயிற்சியைப்பற்றி நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் காணவில்லை. தினமும் ஒன்றையே செய்தால் மனிதன் இயந்திரமாகிவிடுவான், யோசிக்க மாட்டான் என்று உங்களிடம் பழக வருகிறவர்கள் சொல்வார்கள். கோபம் வந்த மனிதன் எப்படியும் யோசிப்பதில்லை. அவனுக்கு யோசனை திரும்பி வருவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கை வாங்கிக் கொடுக்கவேண்டும். கைக்கு அது ஒரு நாளில் வராது, இரண்டு நாளில் வராது. கொட்டாவி விட்டுக்கொண்டு செய்த அத்தனை பின்னேரங்களும் சேர்ந்துதான் அந்தத் தோட்டத்தில் ஒரு கணத்துக்கு உதவின. தருமலிங்கம் என்னைவிட்டுப் போய் மாதங்கள் ஆன பிறகும் அது மிச்சமிருந்தது.

இன்னொன்றையும் அன்று கண்டுகொண்டேன். இது பழக்குகிற உங்களுக்கு. நான் ஓடினேன், கத்தினேன். அதைவிட எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தட்டியவர் இராசமணி. எந்த நேரத்தில் தட்டலாம் என்ற கணக்கில்லாமல், சோற்றுக்கும் தட்டி, தண்ணீர் அள்ளும்போதும் தட்டிப் பழகியவர். கணவனின் கை பழகியதுபோலவே அவருடைய கையும் பழகியிருந்தது. அதனால் தட்டுகிற வேலையை நீங்களே வைத்திருக்காதீர்கள். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் தட்டட்டும். வீட்டுக்காரரும் வந்து தட்டட்டும். ஆபத்து வருகிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்பதற்கு ஒரு உறுதியும் இல்லை.

தருமலிங்கம் அடுத்த நாள் பின்னேரமே வந்தார். கம்பு கொண்டுவரவில்லை. "இண்டைக்கு நான் தட்டுறன் மாஸ்ரர்," என்றார். சரி என்றேன். வரிசைக்குப் பின்னால் நடந்து, யாரும் எதிர்பாராத நேரங்களில் தட்டினார். ஊரில் அவரைக் கண்டு கை தட்டுகிற பகிடியும் அத்தோடு நின்றது. தோட்டத்தில் நடந்தது எல்லோருடைய காதுக்கும் போயிருந்தது.

சில நாட்கள் கழித்து, நாங்கள் தொடங்கப்போகிற நேரம், கனகு வந்தான். புதுச்சாரம் கட்டியிருந்தான். தானே வெட்டிய கம்பொன்று கையில் இருந்தது. அவனுடைய உயரத்துக்கு அது மிக நீளம். வரிசையில் நின்றவர்கள் தருமலிங்கத்தைப் பார்த்தார்கள். தருமலிங்கம் நிலத்தைப் பார்த்தார். கனகு நேரே என்னிடம் வந்தான்.

"மாஸ்ரர், எனக்கும் பழக்குவியளோ?"

"உமக்கேன் இப்ப சிலம்படி? அத்தானோடை அடிபடவோ?"

"இல்லை, மாஸ்ரர்." அவன் முகத்தில் வழக்கமான பகிடி இல்லை. "அண்டைக்கு மண்வெட்டி அத்தான்ரை கையிலை இருந்தது. அவருக்கு நிப்பாட்டப் பழக்கம். நான் இரவிரவா யோசிச்சுப் பாத்தன். என்ரை கையிலை இருந்திருந்தால், அக்கா தட்டினாலும் நான் நிண்டிருக்க மாட்டன்."

வரிசையின் கடைசியைக் காட்டினேன். அவன் போய் நின்றான்.

வீச்சுத் தொடங்கியது. கனகுவின் கம்பு அவனையும் இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவர் இரண்டு காலடி தள்ளி நின்றுகொண்டார். தருமலிங்கம் பின்னால் நடந்து வந்தார். மச்சானுக்குப் பின்னால் வந்ததும் நின்றார். பிறகு தட்டினார்.

வரிசை நின்றது. கனகுவின் கம்பு நிற்கவில்லை. கையைவிட்டுப் பறந்து வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குள் விழுந்தது. அங்கே கட்டியிருந்த ஆடு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை தருமலிங்கமும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கனகு சுற்றிப்போய் வேலிப் படலை திறந்து, ஆட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கி, கம்பை எடுத்துக்கொண்டு வந்தான். பழையபடி வரிசைக் கடைசியில் நின்றான். கம்பை இறுக்கிப் பிடித்து, திரும்பிப் பாராமலே சொன்னான்.

"அத்தான், இன்னொருக்கால் தட்டுங்கோ."